வெறிநாய்க்கடி ஊசியும் டி செல்லின் பிரேக்கும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் நடுவயதைக் கடந்த தமிழர் பலருக்கும் நினைவிருக்கும். அந்த மருந்தைத் தயாரித்த முக்கிய இடங்களில் ஒன்று, குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம். ஆட்டுக்கு ரேபிஸ் வைரஸைச் செலுத்தி, அதன் மூளையை எடுத்து அரைத்து, வைரஸை ரசாயனத்தால் கொன்று தயாரிப்பார்கள். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் வகுத்த முறை அது.

எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குச் சில வாரங்களுக்குள் கால் மரத்துப்போனது, சிறுநீர் அடைத்துக்கொண்டது, சிலர் படுத்த படுக்கையானார்கள். காரணம் ரேபிஸ் அல்ல. செத்த வைரஸோடு ஆட்டின் மூளைப் புரதமும் உடலுக்குள் போயிருந்தது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையின் புரதங்கள் ஆட்டுக்கும் மனிதருக்கும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆட்டு மயலினை எதிரியாகக் கண்ட டி செல்கள் (உடலைக் காக்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை), அந்த மனிதரின் சொந்த மயலினையும் விட்டுவைக்கவில்லை. இதற்குச் சான்று சிலி நாட்டிலிருந்து வந்தது. 1955-இல் அங்கே மயலின் உருவாகாத பச்சிளம் எலிக்குட்டிகளின் மூளையில் தடுப்பூசி செய்தபோது இந்த நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. இந்தியா ஆட்டுமூளை ஊசியை 2004-இன் இறுதியில் நிறுத்தியது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாராகும் ஊசி. அதில் மூளைத் திசு கிடையாது.

நம் எல்லோருடைய ரத்தத்திலும் மயலினை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் கொஞ்சம் இருக்கின்றன. பிறகு ஏன் எல்லோருக்கும் இந்த நரம்புப் பாதிப்பு வருவதில்லை? இந்தக் கேள்விக்கான விடையிலிருந்துதான் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கான இன்றைய மருந்துகளில் சிலவும் புற்றுநோய் மருந்துகளில் சிலவும் பிறந்தன.

டி செல் கிளம்பிவிட ஒரு சமிக்ஞை போதாது, இரண்டு வேண்டும். உடலில் கிடைத்ததை டி செல்லுக்குக் காட்டும் வேலையுள்ள டென்ட்ரிடிக் செல் ஒரு புரதத் துண்டை ஏந்திக் காட்ட, அது தன் ஏற்பிக்குப் பொருந்துகிறது என்று டி செல் உணர்வது முதல் சமிக்ஞை. டென்ட்ரிடிக் செல்லின் மேல் உள்ள பி7 மூலக்கூறு, டி செல்லின் சிடி28-ஐத் தொடுவது இரண்டாவது. கிருமியின் தடயம் தெரிந்தால்தான் பி7 பெருமளவில் மேலே வரும். முதலாவது மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால் டி செல் செயலிழந்து அடங்கிவிடும். நம் மயலினை நம் டி செல்கள் பொதுவாகச் சும்மா விட்டுவிடுவதற்கு இது ஒரு காரணம். ஊசியிலோ மயலினும் வைரஸும் ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப, நாள் தவறாமல் போயின.

கிளம்பிய டி செல்லை நிறுத்தவும் ஒரு வழி உண்டு. அது தன் மேற்பரப்பில் சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறைக் கொண்டுவருகிறது. இதுவும் பி7-ஐத்தான் பிடிக்கும், ஆனால் சிடி28-ஐவிடப் பல மடங்கு இறுக்கமாக. சிடி28-க்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது, டி செல் அடங்கும். பிரேக் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரே பிரேக்கை இரண்டு மருந்துகள் நேர்எதிராகக் கையாளும் விதம் இந்தத் துறையிலேயே அழகான சங்கதி. சிடிஎல்ஏ-4-இன் வெளிப்பகுதியை வெட்டி, ஆன்டிபாடியின் (குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) வால்பகுதியோடு ஒட்டிச் செய்தது அபாடாசெப்ட். ரத்தத்தில் மிதந்தபடியே பி7-ஐப் பிடித்துக்கொள்ளும், டி செல்லுக்கு இரண்டாம் சமிக்ஞை கிடைக்காது. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்றது. 60 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 500 மில்லிகிராம், அதற்கு மேல் 100 கிலோ வரை 750. முதல் நாள், இரண்டாம் வாரம், நான்காம் வாரம், பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை என நரம்பில் ஏற்றுவார்கள். இபிலிமுமாப் இதற்கு மறுதலை. அது சிடிஎல்ஏ-4-ஐயே மூடிவிடும் ஆன்டிபாடி. பிரேக் விலக, டி செல்கள் கட்டியைத் தாக்கும். மெலனோமா எனும் தோல் புற்றுநோய்க்கு 2011-இல் அனுமதி. கிலோவுக்கு 3 மில்லிகிராம், மூன்று வார இடைவெளியில் நான்கு முறை. இந்தப் பிரேக்கை விலக்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும், பிடி-1 என்ற மற்றொரு பிரேக்கைக் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தின் திசையை மூலக்கூறு மட்டும் தீர்மானிப்பதில்லை, அளவும் தீர்மானிக்கிறது. ஐஎல்-2 என்ற புரதத்தைச் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும்போது கிலோவுக்கு 6 லட்சம் அலகு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கே 3 கோடியே 60 லட்சம் அலகு. தாக்கும் செல்கள் பெருகும். ரத்தக்குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் சரியும், ஆகவே தீவிர சிகிச்சை வசதி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதே ஐஎல்-2-வை நாளுக்கு 10 லட்சம் அலகு என்ற அளவில் கொடுத்தால் தாக்கும் செல்கள் அசைவதில்லை. மற்ற செல்களைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குபடுத்து டி செல்களிடம் ஐஎல்-2-ஐ இறுகப் பிடிக்கும் ஏற்பி எப்போதும் நிறைய இருக்கிறது. சொற்ப மருந்தை அவையே எடுத்துக்கொண்டு பெருகுகின்றன. லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்களில் இப்படிக் கொடுத்துச் சோதித்து வருகிறார்கள்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை 2006 மார்ச்சில் லண்டனில் உலகம் பார்த்தது. டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி, முதல் சமிக்ஞை இல்லாமலே சிடி28-ஐ முடுக்கிவிடக்கூடியது. ஒழுங்குபடுத்து செல்கள் பெருகும் என்பது எதிர்பார்ப்பு. குரங்குகளில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை ஒன்றும் ஆகவில்லை. அதில் 500-இல் ஒரு பங்கை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு, ஒவ்வொருவருக்கும் சில நிமிட இடைவெளி மட்டும் விட்டு ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல், அதாவது அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் கட்டுக்கடங்காமல் பெருகும் நிலை. உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தது பெரிய விஷயம்.

முன்பு கிருமிகளைச் சந்தித்த நினைவு டி செல்களில் ஒரு வகை, மனிதரில் சிடி28-ஐத் தாங்கியிருக்கும். அந்தக் குரங்குகளிலோ அதே வகைச் செல்கள் அதை இழந்துவிடும். பாதுகாப்புச் சோதனை செய்த விலங்கில் மருந்துக்கு உரிய இலக்கே இல்லை. இன்று, விலங்கு தாங்கிய உச்ச அளவை வகுத்து முதல் அளவைக் கணக்கிடும் வழக்கத்தை மட்டும் நம்புவதில்லை. மனித செல்லில் சிறிதாவது விளைவு தெரியும் மிகக் குறைந்த அளவு எது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குகிறார்கள். முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். பின்னர் ரஷ்யாவில் அதே ஆன்டிபாடியை லண்டன் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கிக் கொடுத்தார்கள். புயல் வரவில்லை.

நோயாளிக்குப் பயன்படும் சில விஷயங்களுக்கு வருவோம். பிரேக்கை விலக்கும் சிகிச்சையின் பக்கவிளைவு, வேறு வார்த்தையில் சொன்னால், தன்னுடல் தாக்கு நோய்தான். கோவைக்கோ சென்னைக்கோ போய் மருந்தை ஏற்றிக்கொண்டு நீலகிரி மலைக்குத் திரும்பியவருக்கு, சில வாரம் கழித்து ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கைந்து தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு வந்தால், அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்துப் போக்கை நிறுத்தும் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. பெருங்குடல் அழற்சியாக இருக்கலாம், முற்றினால் குடல் ஓட்டையாகும். கடுமையானால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். சட்டென்று நிறுத்தாமல் நான்கு முதல் ஆறு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவசரப்பட்டால் அழற்சி திரும்பும். மூன்று முதல் ஐந்து நாளில் ஸ்டீராய்டுக்கு மசியாவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் கொடுப்பார்கள். ஆனால் கல்லீரலும் வீங்கியிருந்தால் அதைத் தவிர்ப்பார்கள். இதயத் தசை அழற்சி வந்து ஸ்டீராய்டும் கைகொடுக்காத சிலருக்கு அபாடாசெப்ட் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒரு மருந்து எடுத்துவிட்ட பிரேக்கை மற்றது திரும்பப் போடுகிறது.

இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் இரண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை. காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் சுவர் குலையாமல் இருக்க டிஎன்எஃப் வேண்டும். அதைத் தடுத்தால், பல ஆண்டு உறங்கிய கிருமி வெளியே வரும். மூட்டுவலிக்கு இந்த ஊசியைத் தொடங்கும் முன் உறங்கும் காசநோய்க் கிருமி உண்டா என்று காட்டும் மான்டூ (தோல்) அல்லது ஐஜிஆர்ஏ (ரத்தம்) சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குளிர்ப்பெட்டி விஷயத்தில் நீலகிரிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. ஆன்டிபாடி மருந்துகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஊட்டிக் குளிர் போதும் என்று ஜன்னலோரம் வைப்பது தவறு. பகலில் வெப்பம் 8 டிகிரியைத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் இரவில் பூஜ்யத்துக்குக் கீழும் போகலாம். உறைவது வெப்பத்தைவிட மோசம். பனிக்கட்டி உருவாகும்போது புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அந்தத் திரளைப் பார்த்து உடல் மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யத் தொடங்கினால், அடுத்த ஊசிகள் வேலை செய்யாமல் போகலாம்.

கடையில் வாங்கி எடுத்துவரும்போதும் கெட்டியாக உறைந்த ஐஸ் பேக்கின் மேல் ஊசியை நேரடியாக வைக்க வேண்டாம். குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை ஐஸ் பேக்கை வெளியே வைத்து, துணி சுற்றிப் பெட்டியில் போடுங்கள். டிபிடி போன்ற தடுப்பூசிகள் உறைந்ததா என்று கண்டுபிடிக்கச் சுகாதார நிலையங்களில் புட்டியைக் குலுக்கிப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் வண்டல் சீக்கிரம் அடியில் படியும். ஆன்டிபாடி மருந்தில் அந்தச் சோதனை செல்லாது. அதில் படிய வண்டலே இல்லை, உறைந்து உருகிய பிறகும் தெளிவாகவே தெரியலாம், குலுக்குவதே புரதத்தைத் திரளச் செய்யும். உறைந்தது என்று தெரிந்தால் போடாமல், வாங்கிய மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.