தலை எண்ணினால் கார்பன் கணக்கு வராது

தென்காசிப் பக்கம், கடையத்துக்கு மேற்கே ஒரு தேக்குத் தோட்டம். இரண்டு ஏக்கர், 12 வயது. இரண்டு மீட்டர் இடைவெளியில் 2,000 கன்று நட்டதோடு சரி. உள்ளே நுழைந்தால் நண்பகலிலும் இருட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன.

"நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே மரம் எடுத்துக் கலைக்கவே இல்லையா அண்ணாச்சி?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"ஒரு மரத்தை வெட்டினாலும் கார்பன் பணம் போய்விடும் என்றார்கள் தம்பி" என்று ஒரு தாளை நீட்டினார். மரம் இழுத்து வைக்கும் கார்பனுக்குப் பணம் தருவதாகச் சொல்லும் ஒப்பந்தத் தாள். இந்த ஆண்டில் என் கைக்கு வந்த நான்காவது அது.

மரத்துக்கு ஆண்டுக்கு 22 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 2,000 மரம், 20 ஆண்டு. ஆக 880 டன். அவ்வளவுதான் தாளில். எந்த மரம், எந்த மண், எந்த வயது? கேட்பாரில்லை. நேற்று நட்ட கன்றுக்கும் 22, முற்றிய மரத்துக்கும் 22!

நாடாவை எடுத்து நாலரை அடி உயரத்தில் அளந்தேன். உள்மரங்கள் பெரும்பாலும் 30 செ.மீ. சுற்றளவு. ஒரு பக்கமாவது வெயில் வாங்கும் வாய்க்காலோர மரங்கள் 60. சுற்றளவு இரட்டித்தால் எடை இரட்டிப்பதில்லை. உயரமும் கூடுவதால் ஐந்து மடங்காகிவிடும். சுற்றளவு, உயரம், மர அடர்த்தி மூன்றையும் சமன்பாட்டில் இட்டால், உள்மரத்தில் நிலத்துக்கு மேலுள்ள உலர் எடை சுமார் 26 கிலோ. அதில் 47 சதவீதம் கார்பன். கார்பனைக் கார்பன் டை ஆக்சைடு கணக்காக மாற்ற 3.67 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 45 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வேரைச் சேர்த்தாலும் 60 கிலோவைத் தாண்டாது. தாளின்படி இந்த 12 ஆண்டில் 264 கிலோ சேர்ந்திருக்க வேண்டும். இதை நம்பி ஒரு குடியானவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பருத்தியில் பயிர் கலைக்காமல் விடுவோமா? நெருக்கி நின்றால் காய் பிடிக்காது என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும். மரம் என்று வந்ததும் மட்டும் எண்ணிக்கையே சொத்து என்று நினைக்கிறோம். இந்த இடைவெளியில் நட்ட தேக்கை ஐந்தாம் ஆண்டில் மூலைவாட்டில் ஒன்று விட்டு ஒன்றாகவும், பத்தாம் ஆண்டை ஒட்டி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகவும் எடுப்பது பழைய முறை. ஏக்கருக்கு 1,000 மரம் 500 ஆகி, பிறகு 250 ஆகும்.

அதற்காக, கலைத்தால் கார்பன் பெருகும் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். வாய்க்காலோர மரத்தின் எடையை 250 ஆல் பெருக்குவதும் அதே பிழைதான். கலைத்த உடனே தோட்டத்தின் இருப்பு குறையும். மீந்த மரங்கள் பருத்து அதை ஈடுகட்டப் பல ஆண்டு பிடிக்கும். கலைக்காத தோட்டத்தின் மொத்தத்தை எட்டாமலும் போகலாம். ஆனால் மெலிந்த கழி அடுப்புக்குப் போனால் அதன் கார்பன் அன்றே காற்றில். பருத்த மரம் கதவாக, வாசல் நிலையாகப் பல பத்தாண்டுகள் வீட்டில் நிற்கும். நிற்கும் மரம், வேர், சருகு, மண், வெட்டிச் சென்ற மரம் எல்லாவற்றையும் தனித்தனியாக, கடைசி வெட்டு வரை ஆண்டுதோறும் கணக்கிடுவதே சரியான முறை.

இவையெல்லாம் நட்டு வளர்த்த தோட்டத்துக்கு மட்டும். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

தாள் நீட்டுபவரிடம் மூன்று கேளுங்கள்: எத்தனை மரம் பட்டுப்போகும் என்று வைத்திருக்கிறீர்கள், வெட்டிய மரம் எங்கே போகிறது, கடைசி வெட்டு எந்த ஆண்டு? பதில் இல்லையென்றால் பேனாவை மூடுங்கள். வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். கழித்த கிளைகளை எரிக்காதீர்கள். அடிக்கட்டை துளிர்க்கும், துளிரை ஒடித்துவிடுங்கள்.

காலம் தாழ்ந்த தோட்டத்தை ஒரேயடியாகத் திறந்துவிடவும் வேண்டாம். நெருக்கத்தில் ஒல்லியாக வளர்ந்த மரம் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றைத் தாங்காது. அண்ணாச்சியிடம் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்: காற்றடங்கிய பிறகு, முதலில் பட்டதையும் நோஞ்சானையும் மட்டும். மற்றவற்றை இரண்டு ஆண்டு கழித்து, மறுபடி நாடா பிடித்துப் பார்த்து முடிவு செய்வோம்.