இரவில் இறங்கிப்போகும் டீசல்

ஜூன் 14 நள்ளிரவோடு கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்கு முந்தைய வாரத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும், ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்க எஞ்சின் எடுக்காமல் அடம்பிடிக்கும் சத்தம் எங்காவது ஒரு விசைப்படகிலிருந்து கேட்கும். வாசகர் ஒருவரின் கேள்வியும் அதைப் பற்றியதுதான்: "தடைக்காலம்னு இல்ல, ரெண்டு நாள் கட்டிப்போட்டாலே டீசல் டேங்குக்கு இறங்கிப்போகுது. ஏர் எடுத்துவிட்டா நாள் முழுக்க நல்லா ஓடுது. ஃபீட் பம்ப் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு. எங்கயும் ஒரு சொட்டு ஒழுகல. நான்-ரிட்டர்ன் வால்வு போட்டா சரியாயிடுமா?"

டீசலை ஒரே திசையில் மட்டும் விடும் அந்த வால்வைப் போட்டால் கொஞ்ச நாளைக்குத் தொல்லை தெரியாது. கோளாறு அப்படியேதான் இருக்கும். ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்பது அவர் நினைப்பதுபோல் புதிரும் அல்ல. அதுதான் இந்தக் கோளாறின் அடையாளமே.

டீசல் போகும் வழி தெரிந்ததுதான். டேங்கிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர், டீசலை உறிஞ்சித் தள்ளும் ஃபீட் பம்ப், ஃபில்டர், உயர் அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் எஃப்ஐ பம்ப் (ஃப்யூல் இன்ஜெக்ஷன் பம்ப்), அங்கிருந்து சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர். ஃபீட் பம்ப் தேவைக்கு மேலேயே தள்ளும். மிச்சம் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும். டேங்கில் டீசல் மட்டம் எஞ்சினைவிடத் தாழ்வாக இருந்தால், எஞ்சினை நிறுத்தியபின் குழாயில் நிற்கும் டீசல் கீழே போகப் பார்க்கும். இயல்புதானே என்று தோன்றும். ஆனால் அது அவ்வளவு சுலபமாகப் போக முடியாது.

இளநீரில் உறிஞ்சுகுழலை விட்டு, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருப்பது இறங்காது. கீழிருந்து வளிமண்டலம் தாங்கிப்பிடிக்கிறது. வளிமண்டல அழுத்தம் பாதரசத்தை 76 செ.மீ. உயரத்துக்கும், தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கும் தாங்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். டீசல் தண்ணீரைவிட லேசு என்பதால் அதை ஏறக்குறைய 12 மீட்டர் வரை தாங்கும். படகில் டேங்க் மட்டத்துக்கும் ஃபில்டர் தலைக்கும் இடையே இருப்பது அரை மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர். மேலே காற்று நுழையாதவரை அந்த டீசல் எத்தனை நாளானாலும் அங்கேயே நிற்க வேண்டும். அது இறங்கியிருக்கிறது என்றால் அதன் இடத்துக்குக் காற்று வந்திருக்கிறது. ஆகவே தேட வேண்டியது காற்று நுழைந்த வழியை.

எவ்வளவு காற்று? 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 50 செ.மீ. நீளம் காலியாக 25 மில்லி காற்று போதும். பத்து மணி நேர இரவென்றால் மணிக்கு இரண்டரை மில்லி. இவ்வளவு மெல்லிய கசிவு எஞ்சின் ஓடும்போது தெரியவே தெரியாது. உள்ளே வரும் குமிழிகளில் பெரும்பகுதியை ரிட்டர்ன் டீசல் அடித்துக்கொண்டு டேங்குக்குப் போய்விடும். வெளியே ஒழுகவும் செய்யாது. கசிவு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையே என்றால், எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அங்கே உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவு. டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

இந்த விஷயத்தில் மிக அழகான பகுதி, ஓட்டையின் அளவுக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள உறவு. நுண்ணிய ஓட்டையின் வாயை டீசல் நனைத்திருந்தால், அங்கே ஒரு படலம் மூடிபோல நிற்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு குமிழியாக உள்ளே வர வேண்டும். குமிழியின் ஆரம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிக அழுத்தம் தேவை. அரை மீட்டர் டீசல் தொங்கினால் ஓட்டையில் கிடைக்கும் அழுத்த வேறுபாடு சுமார் 4 கிலோபாஸ்கல். டீசலின் பரப்பு இழுவிசையை வைத்துக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 25 மைக்ரான் விட்டமுள்ள ஓட்டை வரை அந்தப் படலம் காற்றைத் தடுத்து நிறுத்தும். அதைவிடப் பெரிதானால் வழிவிடும். 25 மைக்ரான் என்பது தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. தொங்கும் உயரம் ஒரு மீட்டரானால் அதில் பாதி அளவே போதும்.

இதே குழாயில் தண்ணீர் இருந்திருந்தால் சுமார் 60 மைக்ரான் ஓட்டை வரை தாங்கியிருக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை டீசலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. தண்ணீர்க் குழாய் வேலை பார்த்துப் பழகிய கை "இது போதும், இறுக்கமாத்தான் இருக்கு" என்று விடும் இணைப்பு டீசலுக்குப் போதாமல் போவதற்கு இது ஒரு காரணம். மூன்று நாள் நன்றாக இருந்து நான்காம் நாள் தொல்லை தருவதற்கும் இங்கே விடை இருக்கிறது. டேங்க் மட்டம் குறையக் குறைய தொங்கும் உயரம் கூடுகிறது. நேற்றுவரை படலம் தாங்கிய ஓட்டை இன்று தாங்குவதில்லை.

செலவில்லாத முதல் சோதனையும் இதிலிருந்தே கிடைக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது காலையில் உடனே எடுக்கிறதா, பாதிக்குக் கீழே போனபின்தான் தகராறா என்று கவனியுங்கள். அப்படியானால் கசிவு டேங்கின் மேல்மட்டத்துக்கும் அப்போதைய டீசல் மட்டத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். டேங்க் நிறைந்திருக்கும்போது அதே ஓட்டை வெளிப்பக்கம் ஈரம் காட்டும். துணியால் துடைத்துவிட்டு, டால்கம் பவுடர் தூவிக் காலையில் பாருங்கள். ஈரமான இடத்தில் பவுடர் கறுத்திருக்கும்.

அடுத்து டேங்கின் மூச்சுக்குழாய். அது அடைத்திருந்தால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. பகலில் 38 டிகிரி சூட்டில் நின்ற டேங்க் இரவில் 28 டிகிரிக்கு இறங்கினால், மூடிய டேங்கின் மேல்பகுதிக் காற்றழுத்தம் சுமார் 3 சதவீதம் குறையும். அது 40 செ.மீ. டீசல் தம்பத்துக்குச் சமம். அரை மீட்டர் தொங்கல் ஒரே இரவில் ஒரு மீட்டருக்கு நெருங்கிவிடும். மூச்சுக்குழாய் முனையில் குளவி மண் வைப்பதும், பெயின்ட் அடிக்கும்போது பூசி மூடிவிடுவதும் சாதாரணம். அவுட்போர்டு எஞ்சினின் தனி டேங்கில் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்தாலும் இதே கதைதான்.

மூச்சுக்குழாய் சரியென்றால் வழியை இரண்டாக வெட்டிப் பாருங்கள். ஃபீட் பம்ப்புக்குள் வரும் குழாயைக் கழற்றி, 5 லிட்டர் கேனிலிருந்து புதுக் குழாயைப் பம்ப்புக்கு நேராகக் கொடுங்கள். இங்கேதான் பல மெக்கானிக்குகள் தடுமாறுகிறார்கள். கேனை எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, காலையில் எடுத்ததும் "டேங்க் லைன்தான் கோளாறு" என்று சொல்லிவிடுவார்கள். கேன் மேலே இருந்தால் பம்ப்பிலும் ஃபில்டரிலும் உறிஞ்சலே இல்லை. அவை எவ்வளவு கெட்டிருந்தாலும் காற்று நுழையாது. கேன் டேங்கின் டீசல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். அப்படி வைத்து இரவு கழித்துக் காலையில் எடுத்தால் டேங்கிலிருந்து பம்ப் வரையிலான பகுதி குற்றவாளி. எடுக்காவிட்டால் பம்ப், ஃபில்டர், ரிட்டர்ன் பக்கம் போங்கள்.

டேங்க் பக்கம் என்றால் பம்ப்புக்கு முன்னால் ஒரு அடி நீளம் கண்ணாடி போன்ற பிவிசி குழாயைத் தற்காலிகமாகப் பூட்டலாம். குமிழி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் அறைச் சூட்டுக்கும் தீக்கும் அது தாங்காது. பிறகு டேங்க் முனையை அடைத்து, கைப்பம்பால் 0.3 பார் அளவு காற்றழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். பத்து நிமிடத்தில் மானி இறங்கக் கூடாது. கம்ப்ரஸரை நேராக மாட்ட வேண்டாம். செப்பரேட்டர் கிண்ணமோ பம்ப் டயஃப்ரமோ வெடித்துவிடும். அழுத்தச் சோதனையில் தப்பிவிடும் கசிவுகளும் உண்டு. உதடு வைத்த சீல்கள் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சலில் பிரியும். அதனால் கை வாக்யூம் பம்ப்பால் அதே அளவு உறிஞ்சலிலும் பிடித்துப் பார்ப்பது நல்லது.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள் சில. குழாய் முனையைப் பூட்டும், நடுவில் டீசல் போகத் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் செப்பு வாஷர் முதலாவது. ஒருமுறை நசுங்கிய செப்பு இறுகிப்போகும். மறுபடி போட்டால் படியாது. புதிது கிடைக்காவிட்டால் மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மிருதுவாகிவிடும். செப்புக்கு இந்தக் குணம் உண்டு, எஃகுக்குக் கிடையாது. அடுத்தது ஃபீட் பம்ப்பில் கையால் அடித்து டீசல் ஏற்றும் கைப்பிரைமர். அதன் தண்டுச் சீல் தேய்ந்திருந்தால் குமிழைத் திருகி இறுக்கியபின்னும் காற்று வரும். பிறகு செப்பரேட்டரின் அடித்திருகு, பழைய ஓ-ரிங்கின் மேலேயே புதிய ஓ-ரிங்கைப் போட்டுவிட்ட ஃபில்டர், கிளிப்புக்கு அடியில் விரிசல் விட்ட ரப்பர் குழாய். இரண்டு மாதம் காய்ந்து கிடந்த ரப்பர் சுருங்கும் என்பதால்தான் தடைக்காலம் முடிந்ததும் இவை எல்லாம் ஒன்றாக வாய் திறக்கின்றன.

ரிட்டர்ன் குழாயை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதன் முனை டேங்கின் மேல்பகுதியில், டீசலுக்கு மேலே காற்றில் நின்றால், நிறுத்திய எஞ்சினுக்குள் காற்று நுழைய ராஜபாட்டை அதுதான். எஃப்ஐ பம்ப்பின் ஓவர்ஃப்ளோ வால்வில் துளி தூசி உட்கார்ந்தால் போதும், ரிட்டர்ன் வழியாகக் காற்று ஏறும், மற்றப் பக்கம் டீசல் இறங்கும். ரிட்டர்ன் முனையை டேங்கின் அடிவரை நீட்டிவிட்டால் இரண்டு முனையும் டீசலுக்குள் மூழ்கியிருக்கும், அந்த வழி அடைபடும். உறிஞ்சும் முனையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ரிட்டர்னில் வரும் குமிழியை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

இனி நான்-ரிட்டர்ன் வால்வு. டேங்கை ஒட்டி அதைப் போட்டால் டீசல் தம்பம் நிற்கும், காலையில் எஞ்சின் எடுக்கும். ஓட்டை மட்டும் அங்கேயே இருந்து, ஓடும்போது காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். வால்வைத் திறக்கவே பம்ப் கூடுதலாக உறிஞ்ச வேண்டும் என்பதால் கசிவும் கூடும். வலுவான கடலில் முழு வேகம் தேவைப்படும் நேரத்தில் எஞ்சின் மூச்சுமுட்டுவது இப்படித்தான். பெட்ரோல் இன்போர்டு படகுகளில் டேங்கின் வாயிலேயே வரும் சைஃபன் தடுப்பு வால்வு வேறு விஷயம். குழாய் அறுந்தால் பெட்ரோல் படகின் அடியில் கொட்டாமல் காப்பது அது. அதைக் கழற்றவே கூடாது.

கொஞ்சம் காற்றுக்கு எஞ்சின் ஏன் இப்படி மண்டியிடுகிறது? எஃப்ஐ பம்ப்பின் பிளஞ்சர் ஒரு தள்ளலில் அனுப்புவது 0.1 மில்லி அளவு டீசல். இன்ஜெக்டர் திறக்க 200 பார் வாக்கில் அழுத்தம் வேண்டும். டீசல் நசுங்காது என்பதால் அந்தச் சின்னத் தள்ளலே போதுமானது. குழாயில் 1 மில்லி காற்று இருந்தால் அதே தள்ளல் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். அழுத்தம் ஒன்றேகால் பாரைக்கூட எட்டாது. எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டுவது மனத்தெம்புக்கு நல்லதுதான், குறை சொல்வதற்கில்லை. கோளாறு எங்கே என்று பார்க்காமல் பம்ப்பை மாற்று, ஃபில்டரை மாற்று என்பது அதைவிடச் செலவான மூடநம்பிக்கை. படகு எஞ்சின் என்றாலே குதிரைத்திறன் பேச்சுதான். டேங்கிலிருந்து பம்ப் வரை குழாயை எப்படிப் போடுவது என்று கடற்கரைப் பாலிடெக்னிக்குகளில் ஒரு வாரப் பயிற்சி வைத்தாலே எவ்வளவோ டீசலும் பேட்டரியும் மிஞ்சும் என்பது என் கருத்து.

காற்று எடுக்கும்போது: ஃபில்டர் தலைத் திருகை ஓரிரு சுற்று தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பிரைமரை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து எஃப்ஐ பம்ப் திருகிலும் அப்படியே. பிறகும் எடுக்காவிட்டால் இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் சுற்றலாம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும், கை வைக்காதீர்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன்ரெயில் எஞ்சினில் அந்த நட்டுகளைத் தொடவே கூடாது. ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் அடிக்காமல், இடையே இரண்டு நிமிடமாவது ஆறவிடுங்கள். குளிர்விக்கும் கடல்நீரைப் புகைக்குழாயில் விடும் அமைப்பென்றால் கடல்நீர் வால்வை மூடிக்கொண்டு சுற்றுங்கள். எஞ்சின் எடுக்காமல் நீர் பம்ப் மட்டும் ஓடினால் சைலன்சர் நிறைந்து கடல்நீர் சிலிண்டருக்குள் வந்துவிடும். எஞ்சின் எடுத்தவுடனே வால்வைத் திறக்க மறக்க வேண்டாம்.

பழுது பார்த்து முடித்தபின் டேங்கை நிரப்பிச் சோதித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். மட்டம் கால்வாசிக்கு வந்தபின் இரண்டு இரவு சும்மா விட்டு, கைப்பிரைமரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.