ஓட்டில் 1865 என்று இருந்தால் வீடும் 1865 ஆகிவிடாது

இந்த மாதமும் ஒரு வீடு. சேலம் அக்ரஹாரம் பக்கம், ஊரில் பேர்போன குடும்பத்தின் பூர்வீக வீடு. நான் போய்ச் சேர்வதற்குள் 'கட்டியது 1865' என்று கருங்கல்லில் வெட்டி வாசலில் பதித்துவிட்டார்கள். ஆதாரம் கேட்டால், 1865 என்று அச்சு விழுந்த ஒரு சீமை ஓட்டைக் கூரையிலிருந்து கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்த ஓட்டுக் கதையை எத்தனை வீட்டில்தான் சொல்வது? மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ சபை ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதையே முத்திரையாக அச்சில் வைத்துக்கொண்டார்கள். பல வருடம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே 1865தான் இருக்கும். அந்த வீட்டு ஓட்டில் 'காமன்வெல்த்' என்றும் இருந்தது. முதல் உலகப்போரில் ஆங்கிலேய அரசு அந்த ஆலைகளை எடுத்துக்கொண்டது, அப்புறம்தான் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆக, ஓடு போருக்குப் பிந்தியது. அதற்காக வீடும் அப்போது கட்டியது என்று சொல்லிவிடாதீர்கள். கூரைக்கு ஓடு மாற்றுவது சாதாரணம், சுவர் இன்னும் பழையதாக இருக்கலாம்.

சரி, சுவரைப் பார்க்கலாம் என்றால் சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எறிந்து சிமெண்ட் பூசியாகிவிட்டது. சுவரில் ஈரம் அடைபட்டு உப்புப் பூக்கப்போவது தனிக் கவலை. அடைத்த வாசல், பின்னால் சேர்த்த அறை எல்லாம் பழைய காரையும் புதுக் காரையும் சேரும் இடத்தில்தான் தெரியும். கூடத்தில் ஒரே ஒரு மாடக்குழி தப்பியிருந்தது. விளிம்பில் விளக்குக் கரி, உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக வெள்ளை, காவி, நீலப் பூச்சுகள். அதையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

ராஜாஜி வந்துபோன வீடு என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கியது 1900இல், நகராட்சித் தலைவரானது 1917இல். பாட்டி சொன்ன கதை இந்த ஆண்டுகளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மேஸ்திரியிடம் சாவி கொடுக்கும் முன் தாய்ப் பத்திரத்தை எடுங்கள். ஒரு பத்திரத்தில் 'காலி மனை', அடுத்ததில் 'மச்சு வீடு' என்று இருந்தால், இரண்டுக்கும் நடுவில்தான் வீடு எழும்பியிருக்கிறது. பழைய வரி ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இன்று மாநகராட்சியாக இருக்கும் சேலம், 1866இலேயே நகராட்சி ஆகிவிட்டது. கொத்துவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால், எந்த அறை எப்போது சேர்த்தது, கிணறு எங்கே இருந்தது என்று இன்றைக்கே கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தயவுசெய்து.