பாறை மேல் நிற்பவருக்கு ஏழடி ராடு போதாது

"அண்ணா, இந்த ராடுல லூர் எத்தனை மீட்டர் போகும்ங்க?"

ஈரோட்டில் தூண்டில் கடை வைத்து, கூடவே ராடு ரிப்பேரும் பார்த்துவருகிற என்னிடம் சனிக்கிழமை சாயங்காலம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். ராடு என்பது தூண்டில் கோல், லூர் என்பது அதில் கட்டி வீசுகிற போலி இரை. திருப்பூர் பக்கம் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனித் தம்பிகள் சம்பளக் கவரோடு நேராகக் கடைக்கு வருவார்கள். அன்று இரவே நாகர்கோவில் ரயிலைப் பிடித்து, விடியும்போது முட்டம் பாறையில் நிற்க வேண்டும் என்பது திட்டம். இன்னும் சிலர் நாலு பேராகக் காரில் பாலக்காடு வழியாகக் கேரளக் கரைக்கு இறங்குவார்கள். கொங்கு நாட்டில் கடல் இல்லை என்பதாலோ என்னவோ, நம்மவர்களுக்குக் கடல் தூண்டில் மேல் அப்படியொரு மோகம்.

எத்தனை மீட்டர் போகும் என்று கேட்கிற தம்பியிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எங்க நின்னு வீசப் போறீங்க?" பெரும்பாலும் பதில் வராது. பவானிசாகரிலும் குளத்து மேட்டிலும் விராலுக்கு வீசிய ஏழடி ராடு கையில் இருக்கிறது, அதையே பாறைக்கும் கொண்டுபோகலாம் என்ற நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறைத் திட்டில் நின்றிருந்தேன். கையில் அதே ஏழடி ராடு. விடியற்காலையில் மின்னோ என்கிற குட்டி மீன் வடிவ லூரை ஒரு பாரை மீன் அடித்தது, ரெண்டு கிலோ இருக்கும். பாரை மீன் கொக்கியில் மாட்டினால் நடுக்கடலைப் பார்த்து மட்டும் ஓடாது, பாறையின் அடிக்கே வந்து புகும். என் லைன் பாறை விளிம்பில் உரச ஆரம்பித்தது. சிப்பியும் கொட்டலசும் ஒட்டிய விளிம்பு அது, பிரெய்டு லைனை, அதாவது பின்னிய தூண்டில் நூலை, ரம்பம் மாதிரி அறுத்துவிடும். லைனை விளிம்புக்கு வெளியே தள்ள வேண்டும், ராடோ எட்டவில்லை. ஒரு அடி முன்னே வைத்தேன். இன்னும் ஒரு அடி. மூன்றாவது அடி பச்சைப் பாசியில். அலை வந்ததை நான் பார்க்கவே இல்லை.

முழங்காலில் ஏழு தையல், ராடு கடலுக்குள். சிப்பி எடுக்க வந்திருந்த ஒரு பெரியவர்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மக்களே, மீனு போனா போட்டு, நீ கேறி வா" என்றார். அதே மாடல் ராடை அந்த மாதத்தில் மட்டும் நாலைந்து பேருக்கு, "பாறைக்கும் ஆகும்ங்க" என்று சொல்லி விற்றிருந்தேன். ஊருக்கு வந்ததும் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன்.

பாறைக்கு நீள ராடு எதற்கு என்று கேட்டால், தூரத்துக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தூரம் கொஞ்சம் கூடும், உண்மைதான். நீளம் கூடினால் ராடின் நுனி வேகமாகச் சுழலும், லூர் இன்னும் தள்ளிப் போகும். ஆனால் உங்கள் கைக்குப் பாரமான ராடை மெதுவாக வீசினால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். லைன் எவ்வளவு மெல்லியது, லூர் எவ்வளவு கனம் என்பதுதான் தூரத்தை அதிகம் தீர்மானிக்கிறது. நீளத்தின் நிஜமான லாபம் நீங்கள் நிற்கிற இடத்தில் இருக்கிறது.

கணக்கு சின்னதுதான். ராடைச் சாய்வாக, 45 டிகிரியில் பிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏழடிக்குப் பதிலாகப் பத்தடி என்றால் கூடுதலாக மூன்றடி. சாய்வில் அது முன்பக்கமாக ஏறக்குறைய இரண்டடி எட்டும். அதாவது லைன் விளிம்பில் உரசாமல் இருக்க, ஏழடிக்காரர் நிற்கிற இடத்திலிருந்து பத்தடிக்காரர் இரண்டடி பின்னால் நிற்கலாம். நுனி உயரமும் அதே அளவு கூடுவதால் கரையில் உடைகிற நுரைக்கு மேலேயே லைன் நிற்கும். பாறையில் அந்த இரண்டடி என்பது பல இடங்களில் ஈரப் பாறைக்கும் காய்ந்த பாறைக்கும் உள்ள தூரம். நான் விழுந்த இடத்தை மனதில் அளந்து பார்த்தேன். இரண்டடி போதும், காய்ந்த கல்லிலேயே நின்றிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. பாரையும் களவாவும் லூரைப் பின்தொடர்ந்து வந்து பாறையடியில்தான் பல தடவை அடிக்கும். கடைசி மூன்று மீட்டர்தான் முக்கியமான இடம். குட்டை ராடில் அந்த மூன்று மீட்டரில் லூர் கல்லில் மாட்டும், எடுக்க இறங்கத் தோன்றும். நீள ராடில் நுனியை உயர்த்தி லூரை விளிம்பு தாண்டித் தூக்கிவிடலாம்.

அப்படியானால் பன்னிரண்டடி வாங்கிவிடலாமா என்றால், வேண்டாம். பாறை லூருக்கு ஒன்பதிலிருந்து பத்தடி என்பதே என் கணிப்பு. அதற்கு மேல் போனால் நாள் முழுக்க வீச முடியாது. இரை மாட்டி, கம்பத்தில் சாய்த்து வைத்துக் காத்திருக்கிற தூண்டிலுக்குத்தான் பன்னிரண்டும் பதினாலும். லூர் என்றால் விடியற்காலை மூன்று மணி நேரத்தில் நூறு, நூற்றைம்பது தரம் வீசியாக வேண்டும். கடையில் நான் செய்யச் சொல்வது இதுதான். ராடில் உங்கள் ரீலையே மாட்டுங்கள். நுனியில் நாற்பது கிராம் ஈயக் குண்டைத் தொங்கவிடுங்கள். கையை நீட்டி இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருங்கள். ஒரு நிமிடத்திலேயே மணிக்கட்டு நடுங்கினால் அந்த ராடு உங்களுக்கு இல்லை. விலை, பிராண்டு எல்லாம் அப்புறம்.

அடுத்து அடிப்பிடியைப் பாருங்கள். ரீல் இருக்கும் இடத்திலிருந்து ராடின் அடி வரைக்கும் உள்ள நீளம், உங்கள் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள அளவுக்குக் கிட்டத்தட்ட இருந்தால் நல்லது. நீள ராடை ஒற்றைக் கையில் வீச முடியாது. மேல் கை தள்ளும், கீழ்க் கை நெஞ்சுக்கு இழுக்கும். அடிப்பிடி குட்டையாக இருந்தால் கீழ்க் கைக்கு வேலை இல்லை, தோள்பட்டைதான் வாங்கும். ரொம்ப நீளமாக இருந்தால் ரீல் சுற்றும்போது வயிற்றில் இடித்துக்கொண்டே இருக்கும்.

ராடின் மேல் எழுதியிருக்கிற கிராம் கணக்கையும், அதாவது எவ்வளவு கனமான லூரை வீசலாம் என்பதையும், படியுங்கள். 20 முதல் 60 கிராம் என்று போட்டிருப்பது நம் கரைக்குப் பொதுவாகச் சரிவரும். 60 வரை என்றால் 60 கிராமை முழு பலத்தில் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை, 40 பக்கம்தான் அது சுகமாக வேலை செய்யும். ரீல் 4000 அல்லது 5000 அளவு, பிரெய்டு லைன் பி.இ. 2 (நூலின் தடிமன் எண்), முன்னால் லூருக்கும் பிரெய்டுக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் லீடர் என்கிற தடித்த நூல். பிரெய்டு வழுக்கிய வேகத்தில் ஆள்காட்டி விரலை அறுக்கும், அதற்குத் தோல் உறை ஒன்று. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மடக்கு ராடு என்று சொல்கிற, ஒன்றுக்குள் ஒன்றாகப் போகிற ராடைப் பத்தடியில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. என்னிடமும் இருக்கிறது, விற்கவும் செய்கிறேன், ஆனால் பாறை லூருக்கு என்று சொன்னால் கொடுக்க மாட்டேன். வீச வீச நுனித் துண்டு திரும்பி, லைன் ஓடுகிற வளையங்கள் கோணலாகும். ஒரு துளி மணல் உள்ளே போனால் மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. இரண்டாகக் கழற்றுகிற ராடு வாங்குங்கள், ரயில் பயணம் என்றால் மூன்றாக.

என் ரிப்பேர் மேஜைக்கு வருகிற பாறை ராடுகளில் உடைசல் பெரும்பாலும் நுனியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். காரணம் மீன் இல்லை, தூக்கியது. மீன் காலடிக்கு வந்ததும் ராடை வானத்தைப் பார்க்க நிமிர்த்தித் தூக்குவார்கள். அந்த நேரம் வளைவு முழுக்க நுனியில் போய் உட்கார்ந்துவிடும், ராடின் கார்பன் பட்டென்று போகும். ராடும் லைனும் சேர்கிற கோணம் செங்கோணத்தைத் தாண்டக் கூடாது. நீள ராடு வாங்கியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கிலோ மீனை ஏழடியில் தூக்கினால் கையில் தெரிகிற பாரம், பத்தடியில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகத் தெரியும். நெம்புகோல் மீனுக்குச் சாதகமாகிவிடுகிறது. அதனால் தூக்காதீர்கள். அலை ஏறும்போது மீனை அலையோடு விட்டு, தாழ்வான ஒரு கல்லின் மேல் ஏற்றுங்கள். இல்லையென்றால் நீளக் கைப்பிடி வைத்த வலை. அலை இறங்கும்போது இழுத்தால் ராடு போகும், அல்லது நீங்கள் போவீர்கள்.

மேஜைக்கு வருகிற இன்னொரு வகை, வீசும்போதே நடுவில் உடைந்த ராடு. "புது ராடுங்க, டூப்ளிகேட் குடுத்துட்டீங்க" என்று சண்டைக்கு வருவார்கள். ஜாயிண்ட்டைப் பார்த்தால் கதை தெரியும். இருபது முப்பது வீச்சில் ஜாயிண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வெளியே வரும், கடைசி அரை அங்குலத்தில் நின்றுகொண்டு மொத்த விசையையும் தாங்கி, வெடித்துவிடும். ஆண் பக்கத்தில், அதாவது உள்ளே நுழைகிற முனையில், மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். பத்து வீச்சுக்கு ஒரு முறை கையால் தொட்டு இறுக்குங்கள். ராடைப் பாறை மேல் கிடத்தாதீர்கள். கார்பனில் விழுகிற நகக்கீறல் அளவு காயம் இன்று ஒன்றும் செய்யாது, அடுத்த மாதம் நல்ல மீன் மாட்டும்போது அங்கேதான் முறியும்.

வளையத்தைச் சோதிக்க ஒரு பஞ்சுத் துணுக்கு போதும். நம் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அதை விட்டுச் சுற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சு இழை மாட்டி நிற்கும். அந்த வளையம்தான், "லைன் தானா அறுந்து போச்சுங்க" என்று நீங்கள் சொல்கிற இடம்.

நீள ராடு எல்லா இடத்துக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் பாறைச் சுவர் இருக்கிற திட்டில் பத்தடியை வீச இடமே இருக்காது. போனதும் ஒரு முறை வெறும் ராடைச் சுழற்றிப் பாருங்கள். நம் பக்கத்து ஆறுகளுக்கும் அது அதிகம். நெரிஞ்சிப்பேட்டைக்குப் பக்கத்துக் காவிரிப் பாறைக்கோ பவானி ஆற்றுக்கோ எட்டடி தாராளம். ஆனால் ஆற்றுப் பாறையில் அலையை எதிர்பார்க்க வேண்டாம், தண்ணீரை எதிர்பாருங்கள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக மின்சாரத்துக்கான கதவணைகள் இருக்கின்றன. கதவு திறந்தால் மழையே இல்லாத நாளிலும் மட்டம் ஏறும். நடு ஆற்றுப் பாறைக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போனவர் திரும்பும்போது அது இடுப்புக்கு மேல் இருக்கும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறக்கிற சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒகேனக்கல் பக்கம் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காவிரிக் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் இருக்கிற திமில் மஹசீர் மீன் 2018இலேயே மிக அருகிவிட்ட இனம் என்று பன்னாட்டுச் செம்பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே ராடோடு போகிறேன் என்று சொல்கிறவருக்கு என் கடையில் கொக்கி கிடையாது.

கடலுக்கு வருவோம். பாறைக்குப் போனதும் ராடை மாட்டாதீர்கள், இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். டீ குடியுங்கள். பெரிய அலைகள் ஒரே சீராக வராது. பத்து நிமிடம் தேமே என்று இருந்துவிட்டு மூன்று நான்காகச் சேர்ந்து வரும். அவை எதுவரை நனைக்கின்றனவோ அதற்கு மேல்தான் உங்கள் இடம். அங்கிருந்து பத்தடி ராடும் எட்டவில்லை என்றால் அந்தப் பாறை அன்றைக்கு உங்களுக்கில்லை. குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் கள்ளக்கடல் என்று சொல்வார்கள். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கிற காற்றில் கிளம்பிய நீளலை, இங்கே காற்றே இல்லாத, வெயில் அடிக்கிற நாளில் வந்து ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் கடலில் இழுக்கப்பட்டு இறந்தது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் அந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்தியிலும் வரும். ரயில் ஏறுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகிறது.

மிதவைச் சட்டை, ஆணி வைத்த செருப்பு இரண்டும் ராடு வாங்குகிற பணத்திலேயே சேர்த்தி. இரண்டும் சேர்த்தால் பட்ஜெட் இடிக்கிறது என்றால் ராடில் ஒரு படி இறங்குங்கள். இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் குறையும் என்று பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கிறார்.

கடைசியாக, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு மேடான பாறையிலிருந்து இறங்குங்கள். ஐப்பசி மாதச் சாயங்காலங்களில் இது அடிக்கடி வரும். அதைவிடப் பயம் எனக்கு ரயில்வே ஸ்டேஷனில்தான். தண்டவாளத்துக்கு மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட், தொட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்டே போனாலே போதும். போன தீபாவளிக்கு முந்தைய வாரம், ஈரோடு ஜங்ஷனில் ஒரு தம்பி புது ராடை மாட்டி நண்பர்களுக்கு நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான், என் கடையில் வாங்கிய பத்தடி. ஓடிப்போய்ப் பிடுங்கிக் கழற்றினேன், கோபத்தில் ரெண்டு வார்த்தை அதிகமாகவே பேசிவிட்டேன். அதிலிருந்து நீள ராடு வாங்குகிறவர்களுக்குத் துணிப் பை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். கழற்றி, பையில் போட்டு, கயிறு கட்டித்தான் கடையை விட்டு அனுப்புகிறேன். பைக்குக் காசு வாங்குவதில்லை.