பெரிய ஸ்கேல் போர் விமான கிட்: பெட்டியைத் திறக்காமல் உதிரி வாங்காதீர்கள்

கட்டித் தரச் சொல்லி என்னிடம் வரும் 1/32 பிளாஸ்டிக் விமான மாடல் கிட்டுகளோடு பல நேரம் ஒரு பையும் சேர்ந்து வரும். ரெசின் (வார்த்த பிசின்) சக்கரம், பித்தளைத் துப்பாக்கிக் குழல், போட்டோ-எட்ச் தகடு (அமிலத்தில் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு), முப்பரிமாண டெக்கால் (ஒட்டுப்படம்) என்று கிட்டின் விலையையே தாண்டும் சாமான்கள் அதில் இருக்கும். கிட் பெட்டியோ சீல்கூட உடையாமல் இருக்கும். உள்ளே என்ன குறை என்று தெரியாமலே குறையைச் சரிசெய்யச் செலவழித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தான் சார் போடுறாங்க" என்பார்கள்.

முதலில் அளவு. 1/32 என்றால் நிஜ விமானத்தின் நீளத்தை முப்பத்திரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பி-51 மஸ்டாங் போர் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.28 மீட்டர், மாடலில் 35 சென்டிமீட்டர் வரும், அலமாரியில் வைத்துவிடலாம். அதே ஸ்கேலில் எச்கே மாடல்ஸ் போட்ட பி-17 குண்டுவீச்சு விமானம் கிட்டத்தட்ட 99 சென்டிமீட்டர். மூன்றடிக் கதவு வழியாக அதை நேராகக் கொண்டுபோக முடியாது, திருப்பித்தான் கொண்டுபோக வேண்டும். எங்கே வைப்பது, தூசி எப்படித் துடைப்பது, வீடு மாறினால் எதில் எடுத்துப்போவது என்பதையெல்லாம் வீட்டில் பேசி முடித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கிட் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பார்ப்பது உதிரி எண்ணிக்கையை. நான் முதலில் பார்ப்பது உடலின் வடிவத்தையும் விமானிக்கு மேலே மூடும் கண்ணாடிக் கூண்டையும்தான். காக்பிட் மொட்டையாக இருந்தால் பிறகு ஏதாவது செய்து நிரப்பலாம். மூக்கின் வளைவு தப்பினாலோ கூண்டு சப்பையாக இருந்தாலோ அதைத் திருத்துவதற்குள் ஆர்வமே போய்விடும். மஸ்டாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் டாமியா நிறுவனம் கொண்டுவந்த 1/32 பி-51டி அருமையானது, மெர்லின் எஞ்சின் முழுக்க இருக்கிறது, மூடிகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், விலையும் அதற்கேற்றபடிதான். 2017-இல் ரெவெல் கொண்டுவந்த கிட்டின் விலை அதைவிட எவ்வளவோ குறைவு. எஞ்சின் மூடியை நிரந்தரமாக மூடி வைக்கப்போகிறீர்கள் என்றால் எஞ்சினுக்கு எதற்குக் காசு? அதே சமயம், எங்காவது மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மஸ்டாங் கிட்டை எடுக்கிறீர்களா, சக்கரக் குழியைப் பாருங்கள். நிஜத்தில் அந்தக் குழி பின்னால் இறக்கையின் முதன்மை ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் நீளச் சட்டம்) வரை போகும், பின்சுவரே அந்த ஸ்பார்தான். பழைய கிட்டுகள் பலவற்றில் கதவு திறப்பின் ஓரத்திலேயே சுவரை எழுப்பி முடித்திருப்பார்கள். அதைத் திருத்த வேண்டுமென்றால் இறக்கையை வெட்டித்தான் ஆக வேண்டும்.

இனி மேம்படுத்துவது. மஸ்டாங் இறக்கையில் செய்ய வேண்டிய பெரிய வேலைக்குக் கடையில் வாங்க வேண்டியது அனேகமாக ஒன்றுமே இல்லை. இறக்கையின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக, மஸ்டாங்கைத் தயாரித்த நார்த் அமெரிக்கன் தொழிற்சாலையில் இறக்கை முன்பகுதியின் இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் புட்டி பூசி நிரப்பித் தேய்த்து, மேலே வெள்ளி நிற பெயின்ட் அடித்தார்கள். ஆக உடல் வெறும் அலுமினியத் தகடாகப் பளபளக்கும், இறக்கையோ பெயின்ட் அடித்த வெள்ளியாக மங்கலாக இருக்கும். நிறைய பேர் செய்வது நேர்மாறு: இறக்கை முழுக்க ரிவெட்டுகளைத் தெளிவாகக் காட்டி, வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த கறுப்பு பெயின்ட்) விட்டு, கண்ணாடி மாதிரி மெட்டல் பெயின்டும் அடித்துவிடுகிறார்கள். கிட்டில் அங்கே ரிவெட் குழிகள் இருந்தால் கெட்டியான சர்ஃபேசரை (குழி நிரப்பும் அடிப்பூச்சு) தடவி, காய்ந்ததும் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். துப்பாக்கிப் பெட்டி மூடி, பெட்ரோல் மூடி இவற்றின் விளிம்புகளை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம் மஸ்டாங்கை நிறுத்தி வைத்தால் ஹைட்ராலிக் அழுத்தம் மெல்லக் குறைந்து, ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) உள்பக்க சக்கரக் கதவுகளும் தாமாகவே தொங்கிவிடும். தரையில் நிற்கும் மாடலில் அவற்றை இறக்கி ஒட்டினால் சரியாக இருக்கும்.

பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் இது தலைகீழ். அதன் ஃபிளாப் காற்றழுத்தத்தில் இயங்குவது, ஒன்று முழுக்க மேலே, இல்லையென்றால் முழுக்கக் கீழே, இடையில் நிலையே கிடையாது. இறக்கிய நிலையில் தரையில் ஓடினால் இறக்கைக்கு அடியிலுள்ள ரேடியேட்டருக்குப் போகும் காற்று தடைபட்டு எஞ்சின் சூடேறும், அதனால் தரையிறங்கியதுமே விமானிகள் அதை ஏற்றிவிடுவார்கள். நிறுத்தி வைத்த ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப் தொங்கும் படங்கள் அபூர்வம். ஆனாலும் ஸ்பிட்ஃபயருக்கு போட்டோ-எட்ச் ஃபிளாப் செட் நன்றாக விற்கிறது! மடிப்பதற்கே ஒரு வாரம் போகும், ஒட்டி முடித்தால் விமானத்தின் நிஜ வழக்கத்துக்கு மாறான ஒரு மாடல் கையில் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், உதிரி வாங்கும் முன் ஒரே ஒரு குறிப்பிட்ட விமானத்தை, எண்ணோடு, படத்தோடு தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மஸ்டாங் டி வகையில் ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு வாலின் செங்குத்துத் தகட்டுக்கு முன்னால் வரும் முக்கோண நீட்டல் கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள், பழையவை சிலவற்றுக்கும் பின்னாளில் பொருத்தினார்கள். டல்லாஸில் செய்த கே வகைக்குப் புரொப்பெல்லரே வேறு. டெக்கால் தாளில் அழகாக இருக்கிறதே என்று ஒட்டிவிட்டு, அப்புறம் படம் கிடைத்து வால் தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

காசு போட்டே ஆக வேண்டும் என்றால் என் வரிசை இது: முதலில் சீட் பெல்ட். குமிழ்க் கூண்டு உள்ள விமானத்தில் இந்த ஸ்கேலில் பார்ப்பவர் கண் நேராக இருக்கைக்குத்தான் போகும், பிளாஸ்டிக்கில் வார்த்த பெல்ட் உடனே காட்டிக்கொடுத்துவிடும். உலோகத் தகட்டைவிடத் துணி மாதிரி மடங்கும் வகை எனக்குப் பிடிக்கும், தோள்பட்டை மேல் தளர்ந்து விழும். மஸ்டாங் காக்பிட்டின் தரை உலோகம் இல்லை, ஒட்டுப்பலகை, கறுப்புப் பூச்சு. பூட்ஸ் தேயும் இடத்தில் வெள்ளி நிறத்தைக் கீறிக்காட்டாமல் மரநிறத்தைக் கொஞ்சம் எட்டிப்பார்க்க விடுங்கள், இதற்குச் செலவே இல்லை. அடுத்தது சக்கரம். கிட்டில் வரும் வினைல் டயர்களில் சில, வருஷக்கணக்கில் கிடக்கும்போது அவற்றிலுள்ள மென்மையாக்கி கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அதற்கு ரெசின் சக்கரம் வாங்குவது வீண் இல்லை. துப்பாக்கிக் குழல் வெளியே நீட்டாத மஸ்டாங்குக்குப் பித்தளைக் குழல் செட் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மூன்று சக்கரத்தில் மூக்கைத் தாங்கி நிற்கும் விமானங்கள், பி-25, மீ 262 மாதிரி, வால் கனத்தில் பின்னால் உட்கார்ந்துவிடும். உடலை ஒட்டும் முன் எல்லாவற்றையும் டேப் போட்டுச் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் பென்சிலை வைத்து நிறுத்திப் பாருங்கள், மூக்கு கீழே சாயும் வரை ஈயம் சேருங்கள். பின்பகுதியில் ரெசின் போடுகிறீர்கள் என்றால் இன்னும் கூடுதல் ஈயம் வேண்டும். அத்தனை கனத்தையும் பிளாஸ்டிக் கால்கள் தாங்குமா என்பதையும் அப்போதே யோசியுங்கள்.

கடைசியாக, ரெசின் தூசி. மெல்லியது, நுரையீரலுக்குக் கெடுதல். உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். அதே தூசி மாஸ்க் லாக்கர் தின்னர் ஆவியைத் தடுக்காது, ஏர்பிரஷ் பிடிக்கும்போது கார்பன் வடிகட்டி உள்ளதுதான் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். போட்டோ-எட்ச் வெட்டும்போது துண்டு தெறித்துக் கண்ணுக்கு வரும், எனவே பவர் இல்லாவிட்டாலும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரெசின் தேய்த்த கிண்ணத்துத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அப்படியே வைத்துத் தெளியவிட்டு, அடியில் படிந்ததைப் பழைய துணியில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.