சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

தறப்பாள் கூரைக்குக் கீழே ஒரு மாரியைக் கழித்தவர்களுக்குத் தெரியும்: பாயில் தண்ணி சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. ஓட்டை முகட்டுப் பக்கம் எங்கேயோ இருக்கும். தண்ணி தடி வழியே ஊர்ந்து வந்து, தாழ்ந்த இடம் பார்த்துச் சொட்டும். பழைய லொறியின் எஞ்சினும் அப்படித்தான்.

சித்தப்பாவின் லொறி ஒட்டுசுட்டானில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே நாலு மாதம் சும்மா நின்றது. காலபோக நெல் ஏற்ற வெளியே எடுத்த முதல் கிழமையே, எஞ்சினும் கியர்பொக்சும் சேரும் இடத்தின் அடியில் கறுப்பாக ஒயில் சொட்டத் தொடங்கியது. “பின் சீல் போயிட்டுது” என்றார்கள் ஒரு கராஜில். எஞ்சினின் சுழல் தண்டான கிராங், பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ஒயிலை மறிக்கும் இறப்பர் வளையம்தான் அது. கியர்பொக்சை இறக்கி, கிளச்சைக் கழற்றி, புதுச் சீல் போட இரண்டு நாள் போனது. இரண்டு கிழமையில் அதே இடத்தில் மறுபடி சொட்டு.

சொட்டுத்தானே என்று விட முடியாது. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். செக்கனுக்கு ஒன்று விழுந்தால் மணித்தியாலத்துக்கு 180 மில்லிலீற்றர். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் அளவு. பாரத்தோடு போய்த் திரும்புவதற்குள் அரை லீற்றருக்குக் கிட்டப் போய்விடும்.

சித்தப்பா அடுத்ததாகப் போனது தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணையிடம். அவர் ஸ்பனரைத் தொடவேயில்லை. “முதல்ல கழுவு தம்பி. பிறகு பாப்பம்” என்றார்.

எஞ்சினில் எங்கே கசிந்தாலும் ஒயிலைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, முன்னாலிருக்கும் காற்றாடி பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே எல்லாக் கசிவும் கடைசியில் கூடும் இடம் பின் அடி மூலை. மாங்குளம் சந்தியில் நிற்கும் வாகனம் எந்த ரோட்டால் வந்தது என்று சந்தியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? எஞ்சினின் உச்சியை மூடும் தகடான டப்பட் கவரின் பின் மூலையில் கசிந்தாலும், எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, பின் சீல் போனது மாதிரியே சொட்டும். கியர்பொக்சின் முன் சீல் கசிந்தாலும் அதே இடம்தான். ஆனால் கியர் ஒயில் தடிப்பு, கந்தக நெடி வீசும். டீசல் எஞ்சினின் ஒயில் கறுப்பு. விரலில் தொட்டு மோந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைத்த பிறகு லொறியைக் கிரவல் ரோட்டில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். நாம் திட்டும் செம்புழுதி இங்கே உதவிக்கு வரும். காய்ந்த இரும்பில் அது ஊதினால் பறக்கும். ஒயில் பட்ட இடத்தில் சேறாக ஒட்டும். அந்தச் சேற்றுக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால், மிக உயரமான, மிக முன்னாலுள்ள ஈரப்புள்ளிதான் மூலம். தார் ரோட்டுக்காரருக்கு முகப்பவுடர் தூவினாலும் சரி. (கழுவிய மண்ணெண்ணெயைத் தட்டில் பிடியுங்கள். வாய்க்கால் ஓரம் வைத்து எஞ்சின் கழுவும் பழக்கத்தை நான் மன்னிக்க மாட்டேன்.)

எப்போது சொட்டுகிறது என்பதும் துப்புத்தான். ஒயில் பில்டர், அமுக்க சுவிட்ச், டர்போவுக்குப் போகும் குழாய் இவற்றில் எஞ்சின் ஓடும்போது அமுக்கம் இருக்கும். கசிந்தால் பீச்சும், நிறுத்தினால் ஓயும். ஒயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பின் கஸ்கட்டும் (இடையில் வைக்கும் அடைப்பு), ஒயிலை வடிக்கும் வடிபோல்ட்டும் அப்படியல்ல, நிறுத்திய இரவிலும் நிதானமாகச் சொட்டும்.

டப்பட் கவர் கசிந்தால் எல்லாரும் போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். கசிவு கூடும். மெல்லிய தகடு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே தூக்கிக்கொள்வதே காரணம். தகட்டைக் கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கி, புதுக் கஸ்கட் போட்டு அளவாக இறுக்கினால் போதும். சிலிக்கனை அள்ளிப் பூசுவது ஆபத்து: உள்ளே பிதுங்கிய துண்டு அறுந்து சம்பில் விழுந்தால் ஒயில் உறிஞ்சும் வடியை அடைக்கும்.

சீலின் கதை இதைவிடச் சுவையானது. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிராங் நிமிடத்துக்கு 2000 தரம் சுற்றினால், சீலின் இறப்பர் உதட்டை இரும்பு மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீற்றர் வேகத்தில் உரசுகிறது. உலர்ந்து உரசினால் அது கருகிவிடும். உண்மையில் இடையில் மைக்ரோன் அளவில் ஒரு ஒயில் படலம் இருக்கிறது. அது ஏன் வெளியே வழிவதில்லை? உதடு ஒயில் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் வெட்டப்பட்டிருக்கும். சுற்றும்போது இறப்பரின் நுண் மேடுபள்ளங்கள் சிறு பம்புகள்போல வேலை செய்து, வெளியே வரப் பார்க்கும் ஒயிலை உள்ளே தள்ளுகின்றன. சீலை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் அதே பம்ப் ஒயிலை வெளியே இறைக்கும்!

வருடக்கணக்கான சூட்டில் இறப்பர் காய்ந்து கொட்டைப்பாக்காகும். புழுதி புகுந்தால் இரும்பிலேயே பள்ளக்கோடு விழும். நகம் கோட்டில் தடக்கினால், புதுச் சீலை ஓரிரு மில்லிமீற்றர் தள்ளி உட்காரவைக்கலாம். கிராங்கின் மேல் மெல்லிய உருக்கு உறை மாட்டுவது இன்னும் நல்லது.

சித்தப்பாவின் லொறியில் சேற்றுக் கோடு மேலே போகவேயில்லை. பின் சீலேதான். ஆனால் புதுச் சீல். அப்போதுதான் அண்ணை எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றி, கவிழ்த்து அந்தத் துளையின் மேலேயே வைத்தார். மூடி கொதிக்கும் பானை மூடி போலத் துள்ளியது.

டீசல் எரியும் கணத்தில் பிஸ்டன் மேல் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல 50 மடங்கைத் தாண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் எவ்வளவு நல்லதென்றாலும் கொஞ்சம் வாயு கீழே நழுவும். (எரியாத எரிபொருளும் நழுவும். வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், ஒயில் குறையாமல் கூடுவதை ஒயில் அளக்கும் குச்சியில் கண்டிருப்பார்கள்.) அந்த வாயு வெளியேறும் மூச்சுக்குழாய்தான் பிறீதர். அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறி, சீலின் மென்மையான உதட்டை மீறி ஒயிலோடு வெளியே வரும். ரிங் தேய்ந்தாலும் மூடி துள்ளும். அது பெரிய செலவு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது காசில்லாத காரணத்தை.

அண்ணை பிறீதர் குழாயின் நுனிக்குள் வளைந்த கம்பியை விட்டுக் கிண்டினார். காய்ந்த செம்மண் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. குளவிக் கூடு. பாலை மரத்தடியில் நாலு மாதம் நின்ற லொறிக்குள் அது குடிவந்திருக்கிறது.

மறுபடி மூடியைக் கவிழ்த்து வைத்தபோது லேசாக நடுங்கியதோடு சரி. சீலைத் தொடவில்லை, சொட்டு நின்றது. முதல் தடவை கழற்றிய பழைய சீல் வீட்டு விறாந்தையில் ஆணியில் தொங்குகிறது. எடுத்து வளைத்துப் பார்த்தேன். உதடு இன்னும் மெதுமெதுவென்றுதான் இருந்தது.