'ரோவ்' என்றால் திரிவது மட்டும்தானா?

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதும் 'ரோவர்' என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. ஆறு சக்கரத்தில் சாதுவாக நகர்ந்த 26 கிலோ பிரக்யான் வண்டிக்கு அந்தப் பெயர். ஆனால் சொல்லின் பழைய வரலாற்றைத் தோண்டினால் ஒரு கடற்கொள்ளையன் எழுந்து வருகிறான்.

இடைக்கால டச்சு மொழியில் 'ரோவென்' என்றால் கொள்ளையடித்தல், 'ரோவர்' என்றால் கொள்ளைக்காரன். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதற்குக் கடற்கொள்ளையன் என்றே பொருள். திரிதல் என்ற பொருள் வந்த வழி வேறு. வில்லாளிகள் நிலையான இலக்கு வைக்காமல், வெளியில் நடந்துபோய் கண்ணில் பட்ட மரத்தையோ மேட்டையோ குறிபார்த்து எய்வதை 'ரோவ்' என்றார்கள். அப்புறம் 16ஆம் நூற்றாண்டில் அதுவே இலக்கில்லாமல் சுற்றுவதற்கும் ஆகிவந்தது. ஒலி ஒன்றாக இருந்ததால் கொள்ளையனும் ஊர்சுற்றியும் ஒட்டிக்கொண்டார்கள்.

போலந்துக்காரர்கள் கதை இன்னும் வேடிக்கை. 1885இல் இங்கிலாந்தில் 'ரோவர்' என்ற பெயரில் ஒரு சைக்கிள் வந்தது. இன்றும் போலிஷ் மொழியில் எந்தக் கம்பெனி சைக்கிளும் 'ரோவெர்'தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிலவில் போகும் வண்டியைச் சிலர் 'உலாவி' என்கிறார்கள். அது இணையம் பார்க்கும் பிரவுசருக்கு ஏற்கெனவே எழுதிக்கொடுத்த சொல். தவிர, உலா என்றால் சாமி சப்பரத்தில் வீதி வலம் வரும் மிடுக்கு வேண்டும். பிரக்யானின் வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர். எறும்பு ஊர்கிற மாதிரிதான். அதனால் என் ஓட்டு 'நிலவூர்தி'க்கு. கண்கள் 'ரோவ்' பண்ணினால் அலைபாய்ந்தன என்போம். ஆள் அப்படிச் சுற்றினால் திரிகிறான், அவ்வளவுதான்.

இந்தத் 'திரி'யில்தான் எனக்கு ஓர் ஆச்சரியம். கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் 'ரோவிங்' என்று ஒன்று உண்டு. சிம்ப்ளக்ஸ் மெஷினில் லேசாக முறுக்கேற்றி பாபினில் சுற்றிய பஞ்சு இழை. விரலால் இழுத்தாலே பிரிந்துவிடும், இன்னும் நூலாகவில்லை. நூற்கும் மெஷினான ரிங் ஃபிரேமுக்குப் போனபிறகுதான் நூல். பார்க்க அச்சு அசல் விளக்குத் திரிதான். ஆங்கில அகராதிகள் இந்த ரோவைச் சுற்றித் திரிகிற ரோவோடு சேர்க்காமல் தனிச்சொல்லாக வைத்திருக்கின்றன. தமிழிலோ ஊரெல்லாம் திரிவதும், கயிறு திரிப்பதும், பால் திரிவதும், விளக்கில் எரியும் திரியும் ஒரே வேரில் பிறந்தவை. சுழல்வது, முறுகுவது, மாறுவது என்று எல்லாவற்றுக்கும் அதுவே அடி. ஆக, அங்கே தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து நிற்கும் இரண்டு சொற்களுக்கு இங்கே ஒரே சொல் போதும். மில்லில் மட்டும் யாரும் திரி என்பதில்லை. "ரோவிங் கட்டாயிருச்சு" என்றுதான் குரல் கேட்கும்.